பழைய இன்ஜின் வேலை: எதைத் திரும்பப் போடலாம், எதை மாற்றியே ஆக வேண்டும்?

உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் பக்கம் பழைய புல்லட், அம்பாசடர், டீசல் ஜீப் என்று இன்ஜின் இறக்குகிறவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் திகைத்து நிற்பார்கள். பிரித்தாயிற்று, சாக்கை விரித்து எல்லாவற்றையும் பரப்பியாயிற்று, இனி இதில் எது உள்ளே போகும், எது பழைய இரும்புக்குப் போகும்? திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கார்புரேட்டர், பழைய காலத்து டீசல் பம்ப் உள்ள வண்டிகளுக்கு மட்டும்தான் இது, சென்சார் வைத்த வண்டிகளின் கதை வேறு.

எல்லா பார்ட்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு கணக்கு இருக்கிறதா?

ஓரளவுக்கு இருக்கிறது. ஒரு பார்ட்டைக் கையில் எடுத்ததும் நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். இது போனால் கூடவே எதையெல்லாம் கெடுத்துவிட்டுப் போகும்? இதைத் திரும்பத் தொட எவ்வளவு பிரிக்க வேண்டும்? டைனமோ பிரஷ் தீர்ந்துபோனால் ரோட்டோரம் நிறுத்திக்கூட மாற்றிவிடலாம், அதனால் அதைத் தீரும்வரை ஓட்டுங்கள். பிஸ்டனைக் கிராங்க் என்கிற சுழல்தண்டோடு இணைக்கிற கன்ராடின் போல்ட் அறுந்தால் ராடு பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

கோர் பிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாக்கின் தண்ணீர் வழியை அடைத்திருக்கும் சின்னத் தகடு, விலை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பிளைவீலுக்குப் பின்னால் இருக்கிற ஒன்று துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்தால் கியர்பாக்ஸை இறக்கித்தான் அதைத் தொட முடியும். இன்ஜின் கீழே இருக்கும்போது பழையது நன்றாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். பின்பக்க ஆயில் சீலுக்கும் கிளட்ச் பக்கத்துச் சின்ன பேரிங்குக்கும் இதே கணக்குத்தான்.

பிரிப்பதற்கு முன்னால் என்ன பார்த்து வைக்க வேண்டும்?

நிறைய பேர் இதைத் தவறவிடுகிறார்கள். வண்டி ஓடுகிற நிலையில் இருந்தால் ஓட விட்டு, சூடான பிறகு ஆயில் பிரஷர், கம்ப்ரஷன், புகையின் நிறம், சத்தம் எங்கே வருகிறது என்பதை எல்லாம் குறித்து வையுங்கள். ஆயிலை வடிக்கும்போது சுத்தமான தட்டில் வடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளி மாதிரி மின்னினால் பிஸ்டனோ பேரிங் பூச்சோ தேய்கிறது, செம்பு நிறம் தெரிந்தால் புஷ் அல்லது பேரிங்கின் அடித்தட்டு வரைக்கும் தேய்மானம் போய்விட்டது, மோர் மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

பிரிக்கும்போது வரிசை குலையவே கூடாது. மெயின் பேரிங் கேப், கன்ராடு கேப் என்கிற மூடிகள் இரண்டும் அதனதன் ஜோடியோடு சேர்த்தே துளை போடப்பட்டவை. மூன்றாம் நம்பர் கேப்பை இரண்டாம் இடத்தில் போட்டால் துளை வட்டமாகவே இருக்காது. நம்பர் இல்லையென்றால் சென்டர் பஞ்சால் புள்ளி குத்தி வையுங்கள். வால்வைத் திறக்கிற அசைவைக் கொண்டுபோகிற டேப்பெட்டும் புஷ்ராடும் எந்தத் துளையில் இருந்தனவோ அங்கேயே போக வேண்டும். ஒரு அட்டைப்பெட்டியில் துளை போட்டுச் செருகி வைத்தால் போதும்.

அப்புறம், எது தேய்ந்தது என்பதோடு ஏன் தேய்ந்தது என்பதையும் பாருங்கள். ஏர் ஃபில்டர் கிழிந்து மேலூர் பக்கத்துக் கல்தூசியைக் குடித்த இன்ஜினில் போரின் (சிலிண்டர் துளையின்) மேல்பகுதியும் முதல் ரிங்கின் பள்ளமும் சீக்கிரம் போயிருக்கும், கீழே கிராங்க் பெரும்பாலும் தப்பித்திருக்கும். ஆயில் இல்லாமல் ஓடிய இன்ஜின் இதற்கு நேர் எதிர். ஒரு இடத்தில் என்ன நடந்தது என்று தெரிந்தால் மற்ற இடங்களை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும்.

மெக்கானிக் அண்ணன் "எல்லாத்தையும் புதுசாப் போட்ருவோம், தலைவலி இல்ல" என்கிறார். சரிதானா?

அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. திரும்பி வந்தால் அவர்தானே பதில் சொல்ல வேண்டும். ஆனால் பழைய வண்டியைப் பொறுத்தவரை புதிது என்றாலே நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. கம்பெனி தயாரிப்பு நின்றுபோன பார்ட்டுகளில் இன்று கடையில் கிடைப்பதில் பாதி யாரோ பார்த்து வார்த்த நகல். வால்வைத் திறக்கிற கேம் ஷாஃப்ட், ராக்கர், டைமிங் பல்சக்கரம் போன்றவற்றில் இரும்பின் கடினம் சரியில்லாவிட்டால் அதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது, சில ஆயிரம் கிலோமீட்டரில் தானே காட்டிக்கொடுக்கும். அளவுக்குள் இருக்கிற பழைய ஒரிஜினல் கேமைத் தூக்கிப்போட்டுவிட்டு பேர் தெரியாத புதுக் கேமைப் போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பெயருள்ள தயாரிப்பில் கிடைக்கிற பிஸ்டன், ரிங், பேரிங், சீல் எல்லாம் தாராளமாகப் புதிதாகப் போடலாம்.

கேட்கவே வேண்டாம், புதிதுதான் என்கிற பொருட்கள் எவை?

எல்லா கேஸ்கட்டும், எல்லா ஆயில் சீலும், ரிங், கன்ராடு ஷெல், மெயின் ஷெல் (பேரிங் தகடுகள்), லாக் வாஷர், ஸ்ப்ளிட் பின், பிஸ்டன் பின்னின் சர்க்ளிப், ரப்பர் ஹோஸ், தெர்மோஸ்டாட், ஃபில்டர். செம்பு வாஷரை மட்டும் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டு இளக்கி மறுபடி போடுகிறார்கள், அது தப்பில்லை.

அண்ணே, போர் கேஜ் என்னிடம் இல்லை. லேத்துக்குப் போகாமல் சிலிண்டர் தேய்மானம் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். ஒரு ரிங்கும், சந்து அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜும் போதும்.

சிலிண்டர் ஒரே மாதிரி தேயாது. முதல் ரிங் மேலே போய்த் திரும்புகிற இடத்துக்குச் சற்றுக் கீழே அதிகம் தேயும், அடிப்பகுதியில் ரிங் தொடாத இடம் கிட்டத்தட்ட பழைய அளவிலேயே இருக்கும். மேலே விரல் நகத்தை வைத்து இழுத்தால் ஒரு படி தட்டுப்படுமே, அதுதான் தேயாத விளிம்பு. இப்போது ஒரு ரிங்கை உள்ளே விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்துத் தள்ளி, சாயாமல் அடிப்பகுதியில் நிறுத்துங்கள். ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஃபீலரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே ரிங்கை மேலே, அந்தப் படிக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்து மறுபடி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14 ஆல் வகுத்தால் விட்டம் எவ்வளவு பெருத்திருக்கிறது என்று வந்துவிடும். கீழே 0.30 மி.மீ., மேலே 0.75 மி.மீ. என்றால் வித்தியாசம் 0.45, வகுத்தால் ஏறக்குறைய 0.14 மி.மீ. டேப்பர், அதாவது மேலும் கீழும் உள்ள விட்ட வித்தியாசம். இதற்கு மேல் யோசிக்க வேண்டாம், துளையைப் பெரிதாக்கி போர் பண்ண வேண்டியதுதான்.

இந்த முறையில் ஓவல் தெரியாது. பிஸ்டன் பக்கவாட்டில் அழுத்துகிற திசையில் சிலிண்டர் கூடுதலாகத் தேயும். அதற்கு லேத்துக்காரரிடம் போர் கேஜ் வைத்து மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்கச் சொல்லுங்கள். கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் விசாரித்தால் இதைப் பொறுமையாகச் செய்கிறவர்கள் கிடைப்பார்கள். மதுரை 1911ல் டி.வி.எஸ். ஆரம்பித்த ஊர், இங்கே அளவு கருவி பிடிக்கத் தெரிந்த கைக்குப் பஞ்சமில்லை. அளந்து முடித்ததும் ஆறு எண்ணையும் எழுதி வாங்குங்கள், "லேசா தேஞ்சிருக்கு" என்கிற பதிலோடு திரும்பி வராதீர்கள். என் கணக்கு இதுதான்: டேப்பரும் ஓவலும் 0.05 மி.மீ.க்குள் இருந்து கீறலும் இல்லையென்றால் ஹோனிங் செய்து (உரசுகல்லால் லேசாகத் தேய்த்து) புது ரிங் போடலாம், 0.10 தாண்டினால் போர். நடுவில் இருந்தால் வண்டி தினசரி ஓடுமா, ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவில் வரை மட்டும் போகுமா என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

போர் பண்ணுவதென்றால் முதலில் பிஸ்டனை வாங்கிக்கொண்டு போய் லேத்தில் கொடுங்கள், அந்தப் பிஸ்டனை அளந்து அதற்கேற்ற இடைவெளியில் போர் ஆகட்டும். போர் பண்ணிவிட்டு 40 தவ் பிஸ்டனைத் தேடிக் கடை கடையாக அலைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு தவ் என்பது ஒரு இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.025 மி.மீ. கடைசி ஓவர்சைஸும் தாண்டிவிட்டால் ஸ்லீவ் என்கிற உட்குழாய் போட்டு மறுபடி பழைய அளவுக்குக் கொண்டுவரலாம். பிளாக்கைத் தூக்கிப்போட அது ஒரு காரணமே இல்லை.

பழைய பிஸ்டனுக்குப் புது ரிங் மட்டும் போட்டால் போதுமா?

போர் நன்றாக இருந்தால் போதும். ஆனால் பிஸ்டனையும் அளக்க வேண்டும். முக்கியமானது முதல் ரிங்கின் பள்ளம். கரியைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு, புது ரிங்கைப் பள்ளத்தில் வைத்து மேலே உள்ள சந்தில் ஃபீலரை விட்டுப் பாருங்கள். 0.15 மி.மீ. தாராளமாகப் போனால் அந்தப் பிஸ்டன் வேண்டாம், ரிங் மேலும் கீழும் அடித்துக்கொண்டே இருந்து சீக்கிரமே உடையும். கீழ்ப்பாவாடையில் ஒரு பக்கம் மட்டும் ஆழமாகத் தேய்ந்திருந்தால் பிஸ்டனைக் குறை சொல்லாதீர்கள், கன்ராடு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

போர் டேப்பராக இருக்கும்போது புது ரிங் போட்டால் கொஞ்ச நாள் புகை குறையும். வண்டியை விற்கப்போகிறவர்கள் செய்கிற வேலை அது.

கிராங்க் ஷாஃப்டை எப்படிப் பார்ப்பது?

கார், ஜீப் கிராங்க் என்றால் ஜர்னலின் (பேரிங் உட்காருகிற உருளைப் பகுதியின்) மேல் விரல் நகத்தைக் குறுக்கே இழுங்கள், நகம் மாட்டினால் கிரைண்டிங். மாட்டாவிட்டாலும் மைக்ரோமீட்டரால் ஓவல் பார்க்க வேண்டும், 0.025 மி.மீ.க்கு மேல் என்றால் நான் கிரைண்டிங்குக்கே அனுப்புவேன். 10, 20, 30 தவ் அண்டர்சைஸ் ஷெல் பொதுவாகக் கிடைக்கும், ஆனால் உங்கள் இன்ஜினுக்கு எந்த அளவு கடையில் கைவசம் இருக்கிறது என்று பார்த்த பிறகே கல்லில் ஏற்றச் சொல்லுங்கள்.

கிரைண்டிங் முடிந்து வந்ததும் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். ஜர்னலும் பக்கச் சுவரும் சேருகிற மூலை வளைவாக இருக்க வேண்டும். கல்லின் ஓரத்தால் கூர்மையாக வெட்டியிருந்தால் கிராங்க் பின்னாளில் அங்கேதான் உடையும். ஆயில் துளைகளை மண்ணெண்ணெய் அடித்துக் கம்பி விட்டுக் கழுவுங்கள், கிரைண்டிங் தூள் அங்கே ஒளிந்திருக்கும். புது ஷெல்லை முதல் நாளிலேயே கீறிவிடுவது அதுதான்.

புல்லட் கிராங்க் வேறு மாதிரி. பழைய 350 காஸ்ட் அயர்ன் இன்ஜின், 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக். இரண்டு பிளைவீலை ஒரு கிராங்க் பின் சேர்த்திருக்கும், கன்ராடின் பெரிய முனையான பிக் எண்டில் மிதக்கும் புஷ் இருக்கும், பலர் பிற்பாடு ரோலர் மாற்றியிருப்பார்கள். ஆயிலைச் சுத்தமாகக் கழுவிவிட்டு ராடை நேராக மேலே தூக்கிக் கீழே அழுத்துங்கள். ரோலரில் மேல்கீழ் ஆட்டம் துளிகூட இருக்கக் கூடாது. மிதக்கும் புஷ்ஷில் ஆயில் இடைவெளி கொஞ்சம் கைக்குத் தெரியும், ஆனால் 'டக்' என்று தட்டக் கூடாது. பக்கவாட்டு ஆட்டத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது இருக்க வேண்டியது. பின்னும் புஷ்ஷும் மாற்றினால் பிளைவீல்கள் திரும்ப நேர்கோட்டில் நிற்க வேண்டும். சென்டரில் பிடித்து டயல் கேஜ் வைத்து ட்ரூ பண்ணத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள், சுத்தியலையும் கண்ணையும் நம்புகிறவரிடம் வேண்டாம்.

டைமிங் பக்கம் ஆயில் பம்பைச் சுழற்றுகிற வார்ம் நட் இடது மரை. அது தெரியாமல் நீளமான ஸ்பேனர் போட்டு முறுக்கி ஷாஃப்டையே கெடுத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு.

கன்ராடு, போல்ட், நட்டு, ஸ்டட்?

கன்ராடு வளையாமல், பிக் எண்ட் துளை வட்டமாக இருந்தால் திரும்பப் போடலாம். அதன் போல்ட்டும் நட்டும் புதிது. பழைய போல்ட்டில் எத்தனை பேர் எவ்வளவு முறுக்கியிருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஹெட் ஸ்டட்டைப் பொறுத்தவரை, ஒரு நட்டை முழு மரை நீளத்துக்கும் கையாலேயே ஓட்டிப் பாருங்கள், நடுவில் இறுகினால் ஸ்டட் அந்த இடத்தில் நீண்டு மரை விலகியிருக்கிறது. சாதாரண கவர் போல்ட்டெல்லாம் கழுவிப் போட்டால் போதும்.

சிலிண்டர் ஹெட்டை வைத்துக்கொள்ளலாமா?

தண்ணீர் ஓடுகிற இன்ஜினாக இருந்தால் முதலில் தண்ணீர் வழிகளைப் பாருங்கள். நம் பக்கத்து போர்வெல் தண்ணீரை வருஷக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றியிருப்பார்கள். வீட்டில் வெந்நீர் அண்டாவில் படிகிற அதே வெள்ளைக் காரை உள்ளேயும் கெட்டியாகப் படிந்திருக்கும். அது படிந்த இடத்தில் சூடு தண்ணீருக்குப் போகாது, டீசல் ஹெட்டில் இரண்டு வால்வுக்கு நடுவிலிருக்கும் ஒடுக்கமான இடத்தில் வெடிப்பு விடும். கெமிக்கல் தொட்டியில் ஊறப்போட்டுச் சுத்தம் செய்த பிறகு வெடிப்பு பார்க்க வேண்டும், அழுக்கோடு பார்ப்பதில் பயனில்லை.

வெடிப்புக்குச் சிவப்புச் சாயம் அடித்துத் துடைத்து வெள்ளை டெவலப்பர் அடிக்கிற ஸ்ப்ரே கிடைக்கிறது, வெடிப்பு இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடாக எழும். அது இல்லையென்றால் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து சாக்பீஸ் தூளைத் தூவினாலும் ஓரளவு தெரியும். உள்ளே தண்ணீர் வழியில் இருக்கிற வெடிப்புக்கு இரண்டுமே போதாது, பிரஷர் டெஸ்ட்தான். அப்புறம் நேரான ஸ்கேலைக் குறுக்கே வைத்து, நாலு பக்கமும் மூலைவிட்டத்திலும், ஃபீலர் விட்டுப் பாருங்கள். 0.05 மி.மீ. ஃபீலர் நுழையாவிட்டால் ஃபேசிங் (முகத்தைச் சமமாகச் சீவுவது) வேண்டாம். தேவையில்லாமல் ஃபேசிங் பண்ணிப் பண்ணியே ஹெட் மெலிந்துபோனது நிறைய.

வால்வுகள்?

தண்டு தேயாமல், தட்டின் ஓரத்துக்கு ஒரு மி.மீ. தடிமனாவது இருந்தால் கிரைண்ட் செய்து போடலாம். ஓரம் கத்தி மாதிரி கூர்மையாகிவிட்டால், முக்கியமாக எக்ஸாஸ்ட்டில், அது சூட்டைத் தாங்காமல் எரிந்துவிடும். எக்ஸாஸ்ட் வால்வு விலை குறைவு, சந்தேகம் வந்தாலே மாற்றுங்கள். லாப்பிங் (வால்வையும் அது உட்காருகிற சீட்டையும் பேஸ்ட் வைத்து உரசுவது) முடிந்ததும் வால்வை ஸ்ப்ரிங்கோடு பூட்டி, போர்ட்டில் பெட்ரோலை ஊற்றிச் சற்று நேரம் விட்டுவிடுங்கள். கசியக் கூடாது. ஸ்ப்ரிங்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் எது குட்டையாகிவிட்டது என்று கண்ணுக்கே தெரியும்.

பெட்ரோல் அம்பாசடர் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல்தான். ஈயம் இருந்த காலத்து 1489 சி.சி. பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) இன்ஜினின் வார்ப்பிரும்பு ஹெட்டில் சீட் ஹெட்டிலேயே வெட்டப்பட்டிருக்கும், ஈயம் கொடுத்த பாதுகாப்பு இல்லாமல் நீண்ட ஓட்டத்தில் எக்ஸாஸ்ட் சீட் உள்வாங்கும். வால்வு இடைவெளி மாதா மாதம் குறைந்துகொண்டே வந்தால் அதுதான். ஹெட் லேத்துக்குப் போகிற சமயத்திலேயே கடினமான சீட் வளையம் போட்டுவிடுங்கள்.

ஆயில் பம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அப்படியே போடலாமா?

பிரித்துப் பாருங்கள். உடைந்த பேரிங் துகளெல்லாம் முதலில் போகிற இடமே பம்ப்தான். கார் பம்பில் பல்சக்கரம் மூடியில் வட்டமாகக் கீறியிருந்தால் மூடியை ஃபேசிங் செய்யலாம், பல்லும் உடலும் கீறியிருந்தால் புதிது. புல்லட்டில் ஆயில் ஏற்ற ஒன்று, திரும்ப இழுக்க ஒன்று என்று இரண்டு பம்ப், இரண்டிலும் ஸ்ப்ரிங் அழுத்திப் பிடிக்கிற வட்டத்தட்டு. அந்தத் தட்டை மெல்லிய வால்வு பேஸ்ட் வைத்துத் தேய்த்து, முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறம் வந்தால் பழையதே போதும். பேஸ்ட் ஒரு துளிகூட உள்ளே தங்கக் கூடாது.

பால் பேரிங்குகள்?

கழுவி உலர்த்தி, விரலில் மாட்டி மெதுவாகச் சுற்றுங்கள். சொரசொரப்போ தட்டலோ தெரிந்தால் போட வேண்டாம். கம்ப்ரஸர் காற்றால் விர்ரென்று சுற்ற விடாதீர்கள், அதிலேயே கெட்டுப்போகும். உள்வளையத்தில் அடித்து வெளிவளையத்தைக் கழற்றிய பேரிங்கை நான் போட மாட்டேன், அடி முழுக்கக் குண்டுகள் வழியாகத்தான் போயிருக்கும்.

பழைய சாமான் கடையில் கிடைக்கிற பார்ட்டை நம்பலாமா?

வார்ப்பும் ஃபோர்ஜிங்கும் வாங்கலாம்: ஹெட், பிளாக், ராக்கர், பிளைவீல், கவர். அளந்து, வெடிப்பு பார்த்து, சரியில்லையென்றால் திருப்பித் தருவேன் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பேரிங், ரிங், சீல், பழைய கேமோடு வேறு வண்டி டேப்பெட் இதெல்லாம் வேண்டாம். கேமும் டேப்பெட்டும் ஒன்றோடு ஒன்று தேய்ந்து பழகியவை, ஜோடி மாறினால் இரண்டும் போகும்.

புல்லட் கிராங்க்கேஸ் வாங்கினால் இரண்டு பாதியும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும், தனித்தனியாக வந்தவை நேராகச் சேராது. இன்ஜின் நம்பர் அதில்தான் அடித்திருக்கும், அதை மாற்றினால் ஆர்சியோடு ஒத்துவராது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் செய்கிற மாற்றங்களைப் பற்றியது, ஆர்டிஓ ஆபீசில் கேட்டு முறைப்படி ஆர்சியில் ஏற்றுங்கள். பில் இல்லாத கேஸைத் தொடவே வேண்டாம். திருட்டு வண்டியுடையதாக இருந்தால் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்காரப்போவது நீங்கள்தான்.

கார்புரேட்டரில் என்ன மாற்ற வேண்டும்?

உடம்பை வைத்துக்கொள்ளுங்கள், ரப்பரை எல்லாம் மாற்றுங்கள். பங்கில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. பழைய காலத்து ஹோஸ், ஓ-ரிங், நீடில் முனை, டேங்க் காக்கின் கார்க் எல்லாம் அதற்குச் செய்தவை இல்லை. ஊறி உப்பும், இல்லாவிட்டால் இறுகி வெடிக்கும். ஹோஸ் ஒழுகுகிற இடம் சூடான சைலன்ஸருக்கு மேலே என்பதை நினைத்துப் பார்த்தால் இதில் யாரும் மிச்சம் பிடிக்க மாட்டார்கள்.

கழற்றிய பழைய பார்ட்டை எல்லாம் உடனே எடைக்குப் போட்டுவிடலாமா?

வேண்டாம். லேத்திலிருந்தும் ஒர்க்‌ஷாப்பிலிருந்தும் பழைய ஷெல், பிஸ்டன், ரிங் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வையுங்கள். புது கேஸ்கட்டின் துளையைப் பழையதோடு ஒட்டிப் பார்க்க வேண்டிவரும், ஷெல்லின் முதுகில் அடித்திருக்கிற அளவு நம்பரும் தேவைப்படும். இன்ஜின் ஓடி முதல் ஆயில் மாற்றி, வடித்த ஆயில் சுத்தமாக இருந்தால் அப்புறம் போடலாம். ஒரு பழைய ரிங்கை மட்டும் விட்டு வையுங்கள். இரண்டாக உடைத்தால் அடுத்த பிஸ்டனின் பள்ளத்தில் கரி சுரண்ட அதைவிடச் சரியான கருவி கிடையாது, உடைந்த முனையை மட்டும் அரத்தில் சதுரமாகத் தேய்த்துக்கொள்ளுங்கள்.